பொத்தானில் ஒரு கோடு

ஈரம் சொட்டும் ஃபிலிமை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது தில்லைநாயகத்தின் கண்ணில் முதலில் பட்டது தன் வேலையின் சுத்தம்தான், பால்வண்ணத்தின் முகத்தில் ஒரு பாதி வெளிச்சம், ஒரு பாதி நிழல், நெகட்டிவ் என்பதால் வெளிச்சம் கரியாகவும் நிழல் கண்ணாடியாகவும் மாறிக் கிடந்தாலும் முப்பது வருஷமாக உலகத்தைத் தலைகீழாகப் பார்த்துப் பழகிய ஸ்டூடியோக்காரருக்கு அது ஒரு பொருட்டில்லை. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பால்வண்ணம் காலையில் ஆறு மணிக்குக் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னது எட்டு மணிக்கு, படம் எடுத்தது பத்தரைக்கு, இப்போது மணி பன்னிரண்டு. இந்தப் பக்கத்தில் செத்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, குடும்பம் சுற்றி நின்று ஒரு படம் எடுத்த பிறகுதான் குளிப்பாட்டுவார்கள், அந்தப் படத்துக்கு ஊரில் தில்லைநாயகத்தை விட்டால் வேறு ஆள் கிடையாது. அவர் ஃபிளாஷ் அடிக்க மாட்டார், அடித்தால் செத்த முகம் சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி ஆகிவிடும். நாற்காலியை ஜன்னல் ஓரம் போடச் சொல்லி, தாடையைச் சேர்த்துக் கட்டின நாடிக்கட்டை அவிழ்க்கச் சொல்லி, மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, ஷட்டரை ஒரு முழு வினாடி திறந்து வைப்பார், அந்த ஒரு வினாடியில் ஜன்னல் வெளிச்சம் நிதானமாக வந்து முகத்தில் உட்காரும். யாரும் அசையாதீங்க என்பார். உயிரோடிருப்பவர்கள் எவ்வளவு விறைத்து நின்றாலும் கொஞ்சம் அசைந்துதான் விடுவார்கள், மூச்சு என்று ஒன்று இருக்கிறதே, தோள் ஏறும், சட்டை ஏறும், நிழலின் ஓரம் கரையும். அவர் பேச்சை முழுசாகக் கேட்கிறவர் நாற்காலியில் இருக்கிறவர் ஒருவர்தான். அதனால் அவருடைய சாவுப் படங்களில் எல்லாம் செத்தவர் மட்டும் கத்தியால் செதுக்கின மாதிரி நிற்பார், சுற்றி நிற்கிற உயிருள்ள கூட்டம் லேசாகக் கலங்கி இருக்கும். ஊரில் இதைத்தான் கைராசி என்றார்கள், செத்தவங்க எப்படி உயிரோட உக்காந்திருக்காங்க பாரேன் என்று அதிசயப்பட்டார்கள், அது கைராசியும் இல்லை ஒன்றும் இல்லை என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, இருக்கிற ஒரு பெயரையும் எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும். பூதக்கண்ணாடியை எடுத்து முதல் படத்தின் மேல் வைத்தார். பால்வண்ணத்துக்குப் புதுப் பட்டுச்சட்டை போட்டிருந்தார்கள், அதில் பித்தளைப் பொத்தான்கள், ஒவ்வொரு பொத்தானிலும் ஜன்னல் வெளிச்சம் ஒரு சின்னக் கரும்புள்ளியாக விழுந்திருந்தது. நல்ல புள்ளி. பக்கத்தில் நிற்கிற தம்பி சண்முகையாவின் சட்டைப் பொத்தான் கோடாக இழுத்திருந்தது, அவன் மூச்சு விடுகிறவன், இழுக்கத்தான் செய்யும். கண்ணாடியை நகர்த்தி இரண்டாவது படத்துக்குப் போனார். பால்வண்ணத்தின் நெஞ்சில் இரண்டாவது பொத்தான். அங்கே புள்ளி இல்லை. கோடு இருந்தது.

கண்ணாடியைத் துடைத்தார், வேட்டி நுனியால் துடைத்தது போதாது என்று உள்ளே போய் மெல்லிய துணியை எடுத்து வந்து துடைத்தார், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார், மறுபடியும் வைத்தார். கோடு. எள்ளில் பாதி நீளம் இருக்கும், மேலே போய்க் கீழே வந்த மாதிரி நடுவில் கொஞ்சம் தடித்து. ஸ்டாண்ட் ஆடியிருக்கும் என்று மனம் உடனே ஒரு பதிலைக் கொண்டுவந்து நீட்டியது, ஸ்டாண்ட் ஆடினால் எல்லாமே அல்லவா ஆடியிருக்க வேண்டும், நாற்காலியின் செதுக்கு வேலை அப்படியே இருக்கிறது, சுவரில் ஆணி அப்படியே இருக்கிறது. காற்றில் சட்டை அசைந்திருக்கும், கரண்ட் இல்லாத வீட்டில் எந்தக் காற்று, ஜன்னலில் கட்டியிருந்த கொசுவலைத் துணிகூட ஆடவில்லை. நாற்காலியோடு சேர்த்து வயிற்றில் கட்டியிருந்த துண்டு இளகி உடம்பு சரிந்திருக்கும், சரிந்தால் கீழே மட்டும் அல்லவா இழுக்கும், ஏறி இறங்குமா. தாடையைப் பார்த்தார். முதல் படத்தில் தாடையின் நிழல் கழுத்துப்பட்டையின் மேல் பிளேடால் வெட்டின மாதிரி விழுந்திருந்தது, செத்தவர்களின் நிழல் அப்படித்தான் விழும். இரண்டாவது படத்தில் அதே நிழலுக்கு ஓரம் இல்லை. ஃபிலிமில் குறை என்றால் ஒரு இடத்தில் இருக்கலாம், பொத்தானுக்கும் நிழலுக்கும் ஒரே நேரத்தில் எப்படிக் குறை வரும். முதல் வினாடியில் செத்தவர், இரண்டாவது வினாடியில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இவர் ஃபிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தார், கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார், ஒரு நிமிஷம் இருக்குமா, இன்னும் ஒண்ணு எடுத்துக்கிடுவோம், யாரும் அசையாதீங்க என்றார். மணி பன்னிரண்டு ஏழு. நாலு மணிக்கு எடுக்கிறார்கள் என்று சொன்னார்கள், திருநெல்வேலியிலிருந்து வர வேண்டிய மச்சினன் வரவில்லை என்று தந்தி வந்துவிட்டதால் சீக்கிரமே எடுத்தாலும் எடுத்துவிடுவார்கள் என்றும் யாரோ சொன்னார்கள், யார் சொன்னது, வாசலில் வாழைப்பட்டை உரித்துக்கொண்டிருந்தவன் சொன்னான். சீக்கிரம் என்றால் எத்தனை மணி. கேட்காமல் வந்துவிட்டார்.

முழங்கால். அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. செத்து மூன்று நாலு மணி நேரம் ஆகிவிட்டால் உடம்பு விறைத்துப்போகும், நாற்காலியில் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை, முழங்காலை மடக்க இரண்டு ஆள் வேண்டும், சில வீடுகளில் அவரே கேமராவை வைத்துவிட்டுப் போய்க் கை கொடுத்திருக்கிறார், அந்த நெறிபடுகிற சத்தம் கேட்கக்கூடாதென்று பெண்களைக் கொஞ்சம் உரக்க அழச் சொன்னதுகூட உண்டு. பால்வண்ணத்தை சண்முகையா ஒருவனே அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வைத்தான், கால் தானாக மடங்கித் தொங்கியது, பஸ்ஸில் தூங்குகிறவனின் கால் மாதிரி. அப்போது என்ன நினைத்தார், வேலை சுலபமாகப் போச்சு என்று நினைத்தார், அவ்வளவுதான் நினைத்தார், சீ. தாடையை நேராக்க இரண்டு விரலால் தொட்டாரே, சில்லென்று இருந்ததா. விரலை முகர்ந்து பார்த்தார், ஃபிலிம் கழுவுகிற ஹைப்போ வாடைதான் வந்தது. கேமரா ஸ்டாண்டின் இரும்பைப் பிடித்துப் பிடித்து விரலே சில்லிட்டுப் போயிருந்தது, சில்லிட்ட விரலுக்கு எது தெரியும். மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்களா, படத்துக்காக எடுத்தார்களா, இல்லை, படம் முடிந்த பிறகு வைப்போம் என்று ஒரு கிழவி சொன்னாள், இப்போது வைத்திருப்பார்கள், வைத்து அடைத்திருப்பார்கள். செத்துட்டார் என்று யார் சொன்னது, கம்பவுண்டர் தேவராஜ் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம், ஏழே காலுக்குத் திருநெல்வேலி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்த மனுஷர். அவர் பிடித்தது நாடியா, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வெறும் மணிக்கட்டையா. செத்த வீட்டு ஃபிலிமை அன்றைக்கே கழுவிவிடுவது தில்லைநாயகத்தின் பழக்கம், கழுவாமல் வைத்தால் உள்ளே அந்த ஆள் இருட்டில் உட்கார்ந்துகொண்டே இருக்கிற மாதிரி அவருக்குத் தோன்றும், பைத்தியக்கார நினைப்புதான், ஆனால் அந்த நினைப்பு இல்லாவிட்டால் இந்த ஃபிலிமை நாளைக்கல்லவா கழுவியிருப்பார். நாளைக்கு இந்தக் கோட்டைப் பார்த்திருந்தால். அதற்கு மேல் நினைக்காமல் மனத்தைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினார், அது நகர மறுக்கிற மாடு மாதிரி அதே இடத்தில் நின்றது.

போய்ச் சொல்லத்தானே வேண்டும், ஒரு ஓட்டம் ஓடினால் ஏழு நிமிஷம், ஆனால் கால் எழவில்லை. ஏன் எழவில்லை என்பது அவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் வடிவு செத்தபோது, வடிவு அவர் பெண்சாதி, அவள் படத்தையும் அவர்தான் எடுத்தார், எல்லோரும் வேண்டாம் என்றார்கள், நான்தான் எடுப்பேன் என்று நின்றார். வழக்கமாக இரண்டு எடுப்பவர் அன்றைக்கு ஐந்து எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் காத்திருந்தார். அவள் மூக்குத்தியில் வெளிச்சம் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பித் திருப்பி வைத்தார், அசையாதே என்று சொல்ல வாய் வராமல் அன்றைக்கு மட்டும் ஒன்றுமே சொல்லாமல் ஷட்டரைத் திறந்தார், அசைந்துவிடேன், ஒரு மயிரிழை அசைந்துவிடேன் வடிவு என்று உள்ளுக்குள் கெஞ்சினார். சுடுகாட்டில் கொள்ளி வைக்கப் போகிற நேரத்தில் அவருக்கு மூக்குத்தி மினுங்கின மாதிரி இருந்தது, மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு என்று விழுந்து கட்டிக்கொண்டார், நாலு பேர் பிடித்து இழுத்து வேப்ப மரத்தடியில் உட்கார்த்தினார்கள், சண்முகையாவும் அந்த நாலு பேரில் ஒருவன். பொண்டாட்டி செத்ததும் மண்டை கலங்கிப்போச்சு என்று ஊர் பேசியது, வருஷம் ஒன்று ஆயிற்று அந்தப் பேச்சு அடங்க. வீட்டுக்கு வந்து ஐந்து நெகட்டிவையும் கழுவிப் பார்த்தார். ஐந்திலும் மூக்குத்தி புள்ளி. வருஷக்கணக்கில் பார்த்தார், ஜன்னலில் வைத்துப் பார்த்தார், விளக்கில் வைத்துப் பார்த்தார், ஒரு கோட்டுக்காகத் தவம் கிடந்தார், அப்படி ஒரு கோடு வந்திருந்தால் அவர் உயிரோடிருந்த ஒருத்தியை எரித்தவர் ஆகியிருப்பார், அது தெரிந்தும்கூட வேண்டும் வேண்டும் என்று தேடினார். அப்படித் தேடித் தேடித் தேய்ந்த கண்ணல்லவா இது. இந்தக் கண் கோட்டைப் பார்க்கிறது என்றால் கோடு இருக்கிறதா, ஆசை இருக்கிறதா. சண்முகையா முன்னால் எந்த வாயை வைத்துக்கொண்டு போய் மூச்சு இருக்கு என்று சொல்வார், அதே வார்த்தை, அதே ஆள்.

மூக்குத்தி என்று நினைத்ததும் பூதக்கண்ணாடி தானாக நகர்ந்தது. ஆவுடை. பால்வண்ணத்தின் மனைவி, நாற்காலிக்கு வலது பக்கம் நின்றாள், எட்டுக்கல் மூக்குத்தி. முதல் படத்தில் அது இழுத்திருந்தது, அழுகிற பெண்ணின் மூக்குத்தி இழுக்காமல் என்ன செய்யும். இரண்டாவது படத்தில் புள்ளி. சுத்தமான புள்ளி. அந்தக் கூட்டத்தில், அந்த ஒரு வினாடியில், பொத்தான் கோடாக இழுத்திருக்கிற செத்த மனுஷனுக்குப் பக்கத்தில், அவள் ஒருத்தி மட்டும் மூச்சே விடாமல் நின்றிருக்கிறாள். முதல் படத்தில் அவள் கண் கேமராவைப் பார்க்கிறது. இரண்டாவதில் தாழ்ந்து நாற்காலியைப் பார்க்கிறது, நெஞ்சைப் பார்க்கிறது, அந்தப் பொத்தானை. தில்லைநாயகம் ஃபிலிமைக் கொடியில் மாட்டிவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவளும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, படம் முடிந்ததும் இரண்டு கையாலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனாள், அவர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அழுகிறாள் என்று நினைத்தார். ஏன் சொல்லவில்லை. கேள்வி வருவதற்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது, அது பல வருஷமாக அவர் ஸ்டூடியோவிலேயே கிடக்கிற பதில். தீபாவளிக்கு ஒரு தடவை, தீப்பெட்டி ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு ஒரு தடவை புருஷனும் பெண்சாதியும் வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். ஆவுடை எப்போது உட்கார்ந்தாலும் இடது கன்னத்தை நிழலில் வைத்துத்தான் உட்காருவாள். இவர் வெள்ளை அட்டையைப் பிடித்து அந்தக் கன்னத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் கொடுப்பார், அவள் சத்தமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இந்தப் பக்கம் பாரும்மா என்பார், பால்வண்ணம் சிரித்துக்கொண்டே, அவளுக்கு நிழல்தான் பிடிக்கும் அண்ணாச்சி, விடுங்க என்பார். கோடைகாலத்திலும் முழங்கைக்குக் கீழே இறங்கின ரவிக்கை. ஒரு தடவை நெகட்டிவில் அந்தக் கன்னத்தில் ஒரு திட்டுத் தெரிந்தது, ஃபிலிம் கறை என்று நினைத்துக்கொண்டு பென்சிலால் தட்டி மறைத்தே விட்டார், எவ்வளவு நேர்த்தியாக மறைத்தார், பால்வண்ணம் பெரிய சைஸில் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு போனார். கறை இல்லை அது என்று அன்றைக்கே தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய்.

அப்படியானால் இப்போது போய்ச் சொன்னால் என்ன ஆகும், அவளை அடித்த அந்தக் கை எழுந்து உட்காரும். சொல்லாவிட்டால் என்ன ஆகும், நாலு மணிக்கோ அதற்கு முன்னாலோ உயிரோடு இருக்கிற ஒருவனை விறகில் வைப்பார்கள், தோல் சுடும்போது அவன் விழித்துக்கொண்டால். இல்லை, விழிக்க மாட்டான், அந்த மூச்சு இதற்குள் நின்று போயிருக்கும், ஒன்றரை மணி நேரத்துக்கு முந்தின வெளிச்சம்தானே ஃபிலிமில் இருப்பது. நின்று போயிருக்கட்டும் என்று நினைத்தார். நினைத்தது அவர்தான், வேறு யாரும் அறையில் இல்லை. அதைக் கேட்டுத் திடுக்கிட்டவரும் அவர்தான். கொடியில் ஃபிலிம் மெல்லச் சுழன்றது, சுழலும்போது ஜன்னல் வெளிச்சம் பட்டு ஒரு கோணத்தில் நெகட்டிவ் நேர்ப்படமாகத் தெரியும், அந்தக் கணத்தில் பால்வண்ணத்தின் வெளுத்த முகம் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் கரியாக உள்ளே போயிற்று. தூரத்தில் சங்கு ஊதினார்கள். நீர்மாலை எடுக்கப் புறப்பட்டுவிட்டார்கள், குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவருவார்கள், அதற்குப் பிறகு கோடித்துணி, வாய்க்கரிசி, பாடை. மூச்சு வர இருக்கிற ஒரே வழியில் அரிசியைப் போடுவார்கள். தில்லைநாயகம் எழுந்தார். எதற்காக எழுந்தார் என்று பிறகு யாராவது கேட்டிருந்தால் தர்மம், நியாயம் என்று எதையாவது சொல்லியிருப்பார். உண்மையில் அவர் மனத்தில் அப்போது வடிவின் ஐந்து புள்ளிகள்தான் இருந்தன, ஆறு வருஷம் தேடியும் கிடைக்காத கோடு யாரோ ஒருவனுக்கு வந்திருக்கிறது, வந்த கோட்டை எரியவிட அவரால் ஆகாது, அவன் எப்பேர்ப்பட்டவனாக இருந்தால் என்ன. ஃபிலிமை ஈரத்தோடு உருவிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினார். உச்சி வெயில். நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது, மிதித்து மிதித்து நடந்தார், கூடவே வந்தது, எதிரில் வந்தவர்களின் முகங்கள் எல்லாம் கண் கூசி நெகட்டிவாகத் தெரிந்தன, கரிய நெற்றி, வெள்ளைக் கண்குழி. சைக்கிளில் போன ஒருவன் என்ன அண்ணாச்சி ஓட்டம் என்றான்.

வீட்டில் ஆண்கள் எல்லாம் நீர்மாலைக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் பெஞ்சின் மேல் பால்வண்ணத்தைக் கிடத்தி நாடிக்கட்டு கட்டியிருந்தது, வயசான பெண்கள் இரண்டு பேர் சுவரில் சாய்ந்து கண் அயர்ந்திருந்தார்கள். தலைமாட்டில் ஆவுடை மட்டும் முழித்திருந்தாள். உள்ளே வந்த தில்லைநாயகத்தின் கையில் தொங்கிய ஃபிலிமைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டாவது படத்துலதானே அண்ணாச்சி?" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"நீயும் பாத்தியாம்மா?"

"பாத்தேன். ஒரு தடவை ஏறி எறங்குச்சு. அதுக்குப் பெறவு இங்க உக்காந்து அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் மூணு தடவை."

"பஞ்சு வைக்கலையா?"

"எடுத்துட்டேன். அதுவரைக்குந்தான் என்னால முடிஞ்சுது. சொல்லணும்னு நெனைக்கேன், வாய் தொறக்க மாட்டங்கு." வெளியே சங்குச் சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது. ஆவுடை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஒரு அரை மணி நேரம் பிந்தி வந்திருக்கலாம்."

அவருக்கு அவள் மேல் கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே போயிற்று, அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. திரும்பிப் போய்விடலாம், அவளைத் தவிரப் பார்த்தவர் யாரும் இல்லை. பால்வண்ணத்தின் நெஞ்சைப் பார்த்தபடி நின்றார். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பட்டுச்சட்டை கல்லாகக் கிடந்தது, ஷட்டர் திறந்து மூடாமல் நின்றுவிட்ட மாதிரி நேரம் அப்படியே நின்றது, அப்புறம் அந்த இரண்டாவது பொத்தான், யாரோ உள்ளேயிருந்து விரலால் தள்ளின மாதிரி, எழும்பித் தாழ்ந்தது. அதற்குள் குடங்களோடு ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். தண்ணியை ஊத்தாதீங்க, மூச்சு இருக்கு என்று அவர் சொன்னது அவர் காதுக்கே ஆறு வருஷத்துக்கு முந்தின குரலாகக் கேட்டது. சண்முகையா குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்தான், அன்றைக்கு வேப்ப மரத்தடியில் பிடித்த அதே பிடி.

"என்ன அண்ணாச்சி, திரும்பவும் ஆரம்பிச்சிட்டீங்களா? வாங்க, வெளிய உக்காருவோம்."

ஃபிலிமை நீட்டினார். இங்க பாரு, இந்தப் பொத்தானைப் பாரு என்றார். அவன் மரியாதைக்கு வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான், எல்லாம் கரியாக இருக்கு அண்ணாச்சி என்றான், யாரோ பாவம் என்றார்கள், யாரோ சோடா வாங்கி வரச் சொன்னார்கள். நெஞ்சைப் பார், நெஞ்சைப் பார் என்று அவர் சொல்லச் சொல்ல அந்தப் பாழாய்ப்போன நெஞ்சு அசையவே இல்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேராக அவரை வாசல் பக்கம் நடத்திக்கொண்டு போனார்கள், பின்னால் முதல் குடத்தைத் தூக்குகிற சத்தம் கேட்டது. அவர் சொன்னது பொய்யாகிவிட்டது, இனி யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆவுடை வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

"சின்னவரே, குடத்தைக் கீழ வைங்க." ஆவுடை எழுந்து நின்றிருந்தாள். "அவரு சொல்லுதது நெசந்தான். மூச்சு இருக்கு. நான் காலையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

சண்முகையா நாடிக்கட்டை அவிழ்த்து, அண்ணன் வாய்ப்பக்கம் காதை வைத்தான், வைத்தபடியே வெகுநேரம் இருந்தான், பிறகு ஏ மக்கா காரை எடுங்கலே என்று அவன் கத்தினது தெருக்கோடி வரை கேட்டது. கதவை அகலத் திறந்தார்கள், விசிறினார்கள், உள்ளங்காலைத் தேய்த்தார்கள். பால்வண்ணத்தின் தொண்டையில் ஏதோ உரசுகிற சத்தம் வந்தது, ஒரு இருமல். பெண்கள் குலவை போட்டார்கள், எழவு வீட்டில் குலவை போட்டதை அந்த ஊர் அன்றைக்குத்தான் கேட்டிருக்கும். ஆளுக்கு ஆள் தில்லைநாயகத்தைக் கட்டிப்பிடித்தார்கள், தெய்வம் என்றார்கள். அவர் சுவரோரமாக ஒதுங்கி, சண்முகையா பெஞ்சு ஓரத்தில் விட்டிருந்த ஃபிலிமை எடுத்துச் சுருட்டிக்கொண்டார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அம்பாசடர் வந்தது, நாலு பேராகத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள், மதினி, நீங்க ஏறித் தலையை மடியில வச்சுக்கிடுங்க என்றான் சண்முகையா. ஆவுடை கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். வெயில் நேராக அவள் இடது கன்னத்தில் விழுந்தது, அவள் திருப்பிக்கொள்ளவில்லை.

"முதல் படம், அவரு அசையாம இருக்கது, நல்லா வந்திருக்கா அண்ணாச்சி?"

"நல்லா வந்திருக்கு தாயி."

"அதுல ஒண்ணு சின்னதாப் போட்டு வைங்க. வீட்டுக்குக் குடுத்துவிட வேண்டாம், உங்ககிட்டயே இருக்கட்டும். எப்பவாவது வந்து பாத்துட்டுப் போறேன்."

அவர் தலையாட்டினார். அவள் குனிந்து காருக்குள் ஏறி, புருஷன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.